செய்தித்தாளுக்குப் பின்னால் நின்றவர்

ஒருவரைப் பல ஆண்டுகளாக, ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படமெடுத்த ஒருத்தியிடம், அவர் முகம் தெளிவாக விழுந்த படம் ஒன்றுகூட இல்லாமல் போவது எப்படி? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் அவருடைய மனைவி அஞ்சலையம்மாள். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். இதை எழுதி முடித்த பிறகும் பதில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செய்தி வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பழமலை சாரின் எண்ணிலிருந்து அழைப்பு. "சொல்லுங்க சார்" என்றேன். பேசியது அவருடைய மகன் கதிர்.

"ஆன்ட்டி, அப்பா போயிட்டாங்க. விடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. பின்னால் யாரோ அவனிடம் எதையோ கேட்கச் சொல்லும் சத்தம் கேட்டது. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் பேசினான்.

"போஸ்டருக்கு அப்பா போட்டோ வேணும்ங்கறாங்க ஆன்ட்டி. உங்ககிட்டதான் நெறைய இருக்கும்னு அம்மா சொல்றாங்க. மூஞ்சி நல்லா தெரியற மாதிரி ஒண்ணு அனுப்பறீங்களா?"

"இதோ அனுப்பறேன்" என்றேன். அந்த நேரத்தில் எனக்குத் துளி ஐயமும் இருக்கவில்லை.

பழமலை சார் விருத்தாசலத்தில் நான் இயற்பியல் கற்பிக்கும் கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர். பெண்ணாடம் பக்கத்தில் கரும்பு பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. கல்லூரியில் அவரை அறியாதவர்கள் கிடையாது. சம்பள நிலுவை, மருத்துவ விடுப்பு, மாணவர் சான்றிதழ் எதுவானாலும் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். ஆனால் கல்லூரிக்கு வெளியே, ஊரைச் சுற்றியுள்ள செராமிக் கம்பெனிகளில் பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பெண்களிடம் கண்காணிப்பாளர் பழமலை யார் என்று கேட்டால் தெரியாது. "போட்டோ சார்" என்றால்தான் தெரியும்.

அந்தப் பெயர் வந்ததற்குத் தொடக்கம் எங்கள் ஆய்வகம். கல்வியாண்டு முடியும்போது பொருள்களைச் சரிபார்க்க அவர் வருவார். அப்படி வந்த ஓர் ஆண்டு, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது இன்னா மேடம், டார்ச் லைட்டு மண்டையா?"

"பழைய ஃபிலிம் கேமராவோட லென்ஸ் சார். கேமரா எப்பவோ செத்துப்போச்சு. கழிக்கிற சாமான்ல எழுதிக்குங்க."

அவர் எழுதவில்லை. வளையத்தைத் திருகிப் பார்த்தார். "செத்தது மாதிரி தெரியலியே. நல்லா சுத்துது" என்றபடி சன்னலுக்கு எதிரில் இருந்த வெள்ளைச் சுவரை ஒட்டி அதைத் தூக்கிப் பிடித்தார். சுவரில் வெளி முற்றம் சின்னதாக, தலைகீழாக விழுந்தது. வேப்பமரமும் ஒரு சைக்கிளும் தெரிந்தன.

"மேடம், இங்க பாருங்க! நம்ம வாட்ச்மேன் தலைகீழாப் போறாரு!"

அவர் சத்தமாகச் சிரித்தார். குவிவில்லை பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் காட்டிவருகிறவள் நான். அதைப் பார்த்து யாரும் சிரித்து நான் கண்டதில்லை.

கிரகணத்தைப் படமெடுக்க நான் ஒரு கேமரா வாங்கி வைத்திருந்தேன். இடையில் ஓர் இணைப்பு வளையத்தை மாட்டினால் பழைய லென்ஸ்களை அதில் பொருத்தலாம் என்று சொன்னேன். கல்லூரி லென்ஸைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு, அவர் வேறு வேலையாகச் சென்னைக்குப் போனபோது, பழைய கேமரா விற்கும் கடையில் ஒரு ஜப்பான் லென்ஸை வாங்கி வந்தார். அஞ்சலையம்மாளின் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து அதைச் சுற்றியிருந்தார். அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின.

இன்றைய கேமராக்கள் எது தெளிவாக விழ வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்துவிடுகின்றன. பழைய லென்ஸில் அதை நம் கைதான் செய்யவேண்டும். முதலில் பார்ப்பதெல்லாம் கலங்கலாக இருக்கும். வளையத்தைத் திருகத் திருக ஒரு விளிம்பு எழுந்து வரும். பிறகு கன்னத்தில் ஒட்டிய களிமண் துகள். பிறகு இமை முடி. ஒரு மயிரிழை கூடுதலாகத் திருகிவிட்டால் எல்லாம் மறுபடியும் கரைந்துவிடும். முன்னும் பின்னும் போய் வந்து அந்த இடத்தில் நிற்பதில் ஒரு சுகம் இருக்கிறது. இதை எழுதும்போதே என் விரல்கள் அதை உணர்கின்றன. எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத நான் இந்த ஒன்றை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்வேன். பழமலை சார் அந்தச் சுகத்தை வாய்விட்டு அனுபவித்தார். கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு, "வருது... வருது... வந்துடுச்சு... அடச்சே, போயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்த அந்த நொடியில் அவர் அழுத்துவார். பாதிப் படங்களில் கண்ணுக்குப் பதிலாகக் காதுதான் தெளிவாக விழுந்திருக்கும்.

"காதைப் புடிச்சிட்டேன் மேடம். பரவால்ல, தோடு நல்லா வந்திருக்குது."

அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு அந்தப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். கொடுக்காமல் இருந்ததே இல்லை.

எங்களைப் பற்றி ஊரில் பேச்சு வராமல் இல்லை. ஒரு பேராசிரியையும் அலுவலகக் கண்காணிப்பாளரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சுற்றினால் பேசத்தான் செய்வார்கள். அதை முதலில் சொன்னவர் அஞ்சலையம்மாள்தான். "நானும் வரேன். காவலுக்கு ஒரு ஆளு வேணுமில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து பெரும்பாலும் மூவராகவே போனோம். அவர் அங்கன்வாடியில் பணிபுரிகிறவர். வாரம் முழுவதும் குழந்தைகளோடு கத்திவிட்டு, ஞாயிறன்று நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். கட்டுச்சோறு அவர் பொறுப்பு. கேலியும் அவர் பொறுப்புதான். ஒருமுறை சேத்தியாத்தோப்புப் பக்கம் வயல் வரப்பில் நின்ற ஒரு கொக்கை நானும் சாரும் மாறி மாறி ஃபோகஸ் செய்துகொண்டிருந்தோம்.

"நீங்க அதைத் திருவி முடிக்கிறதுக்குள்ள அந்தக் கொக்கு முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, குஞ்சுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றார் அஞ்சலையம்மாள்.

"பேசாம இரும்மா. பறந்துடப் போவுது."

"அது பறந்துபோயி ரொம்ப நேரமாவுது. நீங்க ஃபோகஸ் பண்றது கட்டைங்க."

உண்மையில் அது நட்டுவைத்த ஒரு மூங்கில் குச்சிதான். உச்சியில் வெள்ளைப் பாலிதீன் பை மாட்டியிருந்தது. பழமலை சார் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

இந்தப் பொழுதுபோக்கில் எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாட்டைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பழைய லென்ஸ்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்கள் அவற்றுக்கு உயிர் இருக்கிறது, குணம் இருக்கிறது என்றெல்லாம் எழுதுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. குணம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒளியியல் பிழை. ஆகவே எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் நான் முதலில் அதைச் சோதிப்பேன். சோதனைக்குச் செய்தித்தாளைவிட நல்ல பொருள் இல்லை. பொடி எழுத்து, நேர்க்கோடுகள், கறுப்பு வெள்ளை எல்லாம் அதில் இருக்கின்றன. முதலில் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்தேன், காற்றில் நிற்கவில்லை. "குடுங்க மேடம், நான் புடிச்சிக்கறேன்" என்றார் பழமலை சார். அன்றிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது.

செய்தித்தாளை இரண்டு கைகளாலும் விரித்து, முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் எழுத்துகளில் ஃபோகஸ் செய்வேன். ஒளி நுழையும் துவாரத்தைச் சிறிதாக்கினால் எல்லா லென்ஸும் ஒன்றுபோல்தான் இருக்கும்; அதன் குறை தெரியவேண்டுமானால் முழுதாகத் திறந்து எடுக்கவேண்டும். அப்படி எடுத்தால் தாளின் எழுத்து தெளிவாகவும், தாளுக்கு ஒரு முழம் பின்னால் இருப்பது புகைமூட்டமாகவும் விழும். தாளுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது அவர் முகம்.

"இன்னிக்கு எந்தப் பக்கம் மேடம்? ராசிபலனா, வரி விளம்பரமா?"

"எழுத்து பொடியா இருக்கற பக்கம் சார்."

"அப்ப ராசிபலன்தான்." நின்றபடியே தாளைத் தன் பக்கம் திருப்பி வாசிப்பார். அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. வாசிப்பது மட்டும் தவறாது. "கும்பத்துக்கு இன்னிக்கு வீண் அலைச்சலாம் மேடம். கரெக்டா சொல்லியிருக்கான் பாருங்க."

ஒருநாள் மணிமுத்தாற்று மணலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நான் நெடுநேரம் எடுத்துக்கொண்டேன். அவர் தாளைத் தாழ்த்தி, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "எழுத்து மட்டும் போதுமா மேடம், மூஞ்சி வேணாமா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். "மூஞ்சில எழுத்து இல்லியே சார்" என்றேன். அஞ்சலையம்மாள் நிழலிலிருந்து உரக்கச் சிரித்தார். அவரும் சிரித்தார். நன்றாகச் சொல்லிவிட்டதாக நானும் மகிழ்ந்தேன். அவர் தாளை மறுபடியும் தூக்கிப் பிடித்தார்.

இன்னொரு நாள் ஒரு செராமிக் கம்பெனியின் முற்றம். சூளையிலிருந்து இறக்கிய வெள்ளைக் கோப்பைகளை வரிசை வரிசையாகத் தரையில் பரப்பியிருந்தார்கள். உச்சி வெயில். ஒளிச்சிதறலைத் தடுக்கும் பூச்சு இல்லாத பழைய லென்ஸுக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. ஒவ்வொரு கோப்பையின் பளபளப்பிலிருந்தும் ஒளி சிதறி, படம் முழுவதும் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டது. இந்த லென்ஸை வெயிலில் பயன்படுத்த முடியாது என்று நான் முடிவு செய்தேன். பழமலை சார் கேமராவை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார்.

"பனி பேஞ்ச மாதிரி இருக்குது மேடம்! விருத்தாசலத்துல!"

"பனி இல்ல சார். லென்ஸோட கோளாறு."

"இருக்கட்டுமே. என் பல்லும்தான் கோணல். அதை வச்சித்தான் எங்க வூட்டுல என்னை அடையாளம் தெரியுது."

அவருக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருக்கும். சிரித்தால் முதலில் தெரிவது அதுதான். அன்று அவர் அந்த முற்றத்தில் எடுத்த படங்களில் கோப்பைகளுக்கு நடுவே பெண்கள் பனிக்குள் உட்கார்ந்திருப்பதுபோலவே இருப்பார்கள். ஒருத்தி தன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஊட்டிக்குப் போவாமயே ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்க சார்" என்றாள். அவர் அதைப் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

களிமண் தூசு லென்ஸின் வளையத்துக்குள் போய்விடும். திருகினால் சரசரவென்று மணல் அரைபடும் சத்தம் கேட்கும். பிரித்துச் சுத்தம் செய்யவேண்டும் என்று நான் பதறுவேன். "இனிமே இது ஜப்பான் லென்ஸு இல்ல மேடம். நம்ம ஊரு மண்ணு உள்ள போயிடுச்சு. ரேஷன் கார்டுல பேர் சேத்துட வேண்டியதுதான்" என்பார்.

வியாழக்கிழமை காலை கதிரிடம் "இதோ அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தேன். பழமலை சார் இருக்கும் படங்கள் எத்தனையோ வந்தன. ஆற்று மணலில், ரயில்வே ஜங்ஷன் நடைமேடையில், கரும்பு டிராக்டர் ஓரத்தில், சூளைச் சுவரை ஒட்டி. எல்லாவற்றிலும் செய்தித்தாள். வரி விளம்பரத்தில் விற்பனைக்கு வந்த மனையின் அளவை என்னால் படிக்க முடிந்தது. கும்ப ராசியின் பலனைப் படிக்க முடிந்தது. தாளின் மேல்விளிம்புக்கு அப்பால், முடியும் கண்ணாடியும் சட்டையும் தெரியும் ஒரு மென்மையான நிழல். தாள் இல்லாத படங்கள் சில இருந்தன. அவற்றில் ஃபோகஸ் தேநீர்க் கிளாஸில் இருந்தது, அல்லது முன்னால் இருந்த வேலியில், அல்லது மழைத்துளியில். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான் குறிப்பு எழுதியிருந்தேன். ஓரங்கள் மங்கல், நடுவில் நன்று, ஒளிச்சிதறல் அதிகம். அவர் பெயரை ஒன்றில்கூட எழுதியிருக்கவில்லை.

அவர் வீட்டில் படங்களே இல்லாமலில்லை. ஆனால் கல்யாண ஆல்பத்தில் இருப்பவர் மீசை அரும்பிய வேறோர் ஆள். அதற்குப் பிந்திய குடும்பப் படங்களை எடுத்தவர் அவர்தான். ஆகவே அவற்றில் அவர் இல்லை. நான் எதுவும் அனுப்பாததால் போஸ்டருக்குக் கடைசியில் கல்லூரி அடையாள அட்டையின் படத்தைத்தான் போட்டார்கள். பேருந்து நிலையச் சுவரில் அதைப் பார்த்தேன். நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்ததால் கீழே இருந்த உறவினர் பெயர்களைப் படித்துவிட்டு நகர்ந்தேன்.

தகனம் முடிந்த சில நாளில் அஞ்சலையம்மாள் அழைத்தார். பழமலை சாரின் விருப்பப்படி சடங்கு எதுவும் கிடையாது, படத்திறப்பு மட்டும்தான் என்றார். "அதுக்காவது நல்ல படமா ஒண்ணு தேடுங்க மேடம். அட்டையில இருக்கறது ஆபீசுல யாரையோ திட்டப் போற மாதிரி இருக்குது." அப்போதுதான் உள்ளதைச் சொன்னேன். பிறகு, நான் முதலில் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார். "இத்தினி வருஷமா எடுத்தீங்களே மேடம். ஒண்ணுகூடவா இல்ல? எப்படிங்க?"

இருப்பதில் மோசமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஜங்ஷன் நடைமேடையில் தேநீர் குடிக்கிறார். சிரிக்கிறார் என்பது ஊகத்தில் புரியும். பிரின்ட் போட்டு நேரில் கொண்டுபோனேன். அஞ்சலையம்மாள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் மேடம். பொகை மாதிரி இருக்காரு. ஏற்கெனவே பொகையாத்தான் போயிட்டாரு."

வீட்டுக்கு வந்து நான் செய்த காரியம்தான் இதில் மிகவும் வெட்கப்படவேண்டியது. கலங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இப்போது இருக்கின்றன. அவை படத்தில் இருப்பதைத் தெளிவாக்குவதில்லை. இல்லாததைக் கற்பனை செய்து நிரப்புகின்றன. இதை வகுப்பில் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தே அந்த நடைமேடைப் படத்தை ஒரு செயலியில் போட்டேன். சில நொடிகளில் ஒருவர் வந்தார். தோல் மினுமினுத்தது, கண்ணில் ஒளி இருந்தது, பல் வரிசை ஒழுங்காக இருந்தது. நல்ல முகம். எனக்குத் தெரியாதவர். தெரியாதவர் என்பது எனக்குப் புரிந்தது. இருந்தும் அதைக் கதிருக்கு அனுப்பினேன். கையில் எதையாவது கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்தது. "சூப்பர் ஆன்ட்டி! அப்பா செம்மையா இருக்காங்க" என்று உடனே பதில் வந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை அஞ்சலையம்மாளே அழைத்தார்.

"மேடம், அவரு பல்லு எங்க?"

கணினியில் அந்தப் படத்தைத் திறந்தேன். அவரே தொடர்ந்தார்.

"பையன் ஃப்ரேம் போடக் குடுக்கப் போறேன்னு நிக்கறான். நான் வேணாம்னுட்டேன். நல்லாத்தான் இருக்காரு, இல்லேன்னு சொல்லல. யாரோ சினிமாக்காரரு மாதிரி இருக்காரு. ஆனா இவரை மாட்டிவச்சிட்டு நான் எப்படி மேடம் இந்த வூட்டுல இருக்கறது?"

"தப்புதாங்க. மெஷின் பண்ணது. நான் அனுப்பியிருக்கக் கூடாது" என்றேன்.

"மெஷினுக்கு அவரைத் தெரியாது. சரி, விடுங்க. அட்டைப் படத்தையே பெருசு பண்ணச் சொல்லிட்டேன். திட்டறாப்ல இருந்தாலும் அவருதான்."

மெஷினுக்குத் தெரியாது என்று அவர் சொன்னதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நானே சொல்லிக்கொண்டேன்.

நாளை படத்திறப்பு. கல்லூரி சார்பில் நான் பேசவேண்டும் என்று கதிர் கேட்டுக்கொண்டான். எனக்குக் கூட்டத்தில் பேச வராது, ஆகவே எழுதிவைத்திருக்கிறேன். பழமலை சாரைப் பற்றி மற்றவர்கள் நேர்மை, சுறுசுறுப்பு, உதவும் மனம் என்று பேசுவார்கள். எல்லாம் உண்மை. நான் சேர்க்கக்கூடியது சிறிது. அவர் மற்றவர்களின் முகத்தைத் தேடி வளையத்தைத் திருகினார். பிசகினாலும் வருத்தப்படவில்லை. பிசகியதையும் பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பெண்களின் வீட்டுச் சுவர்களில் அவர் எடுத்த முகங்கள் மாட்டியிருக்கின்றன. மணிமுத்தாற்று மணலில், வெயிலில், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, எதிரில் இருப்பவள் எதைப் பார்க்கிறாள் என்று கேட்காமல் ஆடாமல் நின்ற அவரை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். படத்தில்தான் இல்லை.

போய் வாருங்கள் சார். கையைக் கீழே போட்டுக்கொள்ளலாம். சோதனை முடிந்துவிட்டது.

மறுநாள் நடந்ததையும் எழுதி இதை முடிக்கிறேன்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்லூரி முதல்வர் படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். அடையாள அட்டையில் முத்திரை பட்ட இடத்தில் ஸ்டுடியோக்காரர் சட்டைக் காலரை வரைந்து சரிசெய்திருந்தார். முகத்தில் கைவைக்கவில்லை. வாய் மூடியிருந்தது. பொம்மைக் கம்பெனியிலிருந்து பெண்கள் பலர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை அழைத்தபோது ஆய்வகத்தில் வாட்ச்மேன் தலைகீழாகப் போனதையும், கொக்கையும், ரேஷன் கார்டையும் வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். செய்தித்தாள் பகுதிக்கு வந்ததும் தாளை மடித்துக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆகவே மற்றவற்றை இங்கேதான் முதன்முறையாக எல்லோரும் படிக்கிறீர்கள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலையும்போது அஞ்சலையம்மாள் என்னிடம் வந்தார்.

"கேமரா கொண்டாந்திருக்கீங்களா மேடம்?"

பையில் இருந்தது. தலையாட்டினேன்.

"என்னை ஒரு போட்டோ எடுங்க. மூஞ்சி தெரியற மாதிரி. நாளைக்கு எனக்குன்னா இந்தப் பையன் எங்க போயித் தேடுவான்?"

பக்கத்தில் இருந்த அவர் நாத்தனார் பதறினார். "இன்னிக்கா? நல்லாவா இருக்கும் அண்ணி?"

"இன்னிக்குத்தான் நல்ல சேலை கட்டியிருக்கேன். பொட்டும் இருக்குது, அழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். வேற எப்ப எடுக்கறது?" பந்தலுக்கு வெளியே ஒரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இத்தனை ஆண்டுகள் நிழலில் உட்கார்ந்து எங்களைக் கேலி செய்த அவரை நான் ஒருமுறைகூடப் படமெடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்கும் இப்போது கிட்டப் பார்வை மங்கிவருகிறது. ஃபோகஸை அவர் இடது கண்ணின் இமையில் வைத்து, முன்னும் பின்னும் திருகி, திருகி, நின்றேன். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சா மேடம்? கண்ணு கூசுது."

"இன்னும் ஒரு நிமிஷம்ங்க."

எடுத்தேன். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நெற்றியையும் கண்ணையும் வாயையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ம். நான்தான்" என்றார். "கதிருக்கு அனுப்பிடுங்க. இப்பவே. அப்புறம் மறந்துடுவீங்க."

கேமராவிலிருந்து போனுக்குப் படத்தை மாற்றச் சிறிது நேரம் பிடிக்கும். யார் யாரோ விடைபெற்றுக்கொண்டு போக அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்தலின் மறுகோடியில் கதிரின் போன் ஒலித்தது. அவன் எடுத்துப் பார்த்து, எங்களை நோக்கித் தலையாட்டினான். அதற்குப் பிறகுதான் அவர் என் கையை விட்டார்.